ஒரே வீட்டில் இரண்டு ரிப்போர்ட்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. கும்பகோணத்தில் இருக்கிறேன். வயது 66, பத்து வருடமாகச் சர்க்கரை உண்டு. என் கணவருக்கு 71. 2019-இல் அவருக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. 2021-இல் இருவரும் ஒரே நாளில், ஒரே நர்ஸிடம் கோவிஷீல்டு போட்டுக்கொண்டோம். இரண்டாவது தவணையும் அப்படியே. அந்த டிசம்பரில் ஆன்டிபாடி பரிசோதனை செய்து பார்த்தோம். எனக்கு 250-க்கு மேல், அவருக்கு 0.40-க்குக் கீழ். அடுத்த மாதமே இருவருக்கும் கொரோனா வந்தது. எனக்கு மூன்று நாள் காய்ச்சலோடு போயிற்று. அவர் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்துக்கொண்டு கிடந்தார். 2022 ஏப்ரலில் மூன்றாவது ஊசியும் போட்டோம். அதற்குப் பிறகு ஒன்றும் போடவில்லை. இப்போது சிங்கப்பூரில் இருக்கும் மகளின் பிரசவத்துக்குப் போகிறோம். வந்ததும் புது ஊசி போட்டுக்கொள்ளச் சொல்கிறாள். வைரஸ்தான் மாறிக்கொண்டே இருக்கிறதே, ஊசியால் என்ன பயன்? அடிக்கடி போட்டால் எதிர்ப்புச் சக்தி களைத்துவிடும் என்கிறான் என் தம்பி. கோவிஷீல்டு, ரத்தக்கட்டி என்று வந்த செய்தி வேறு பயமுறுத்துகிறது. என்ன செய்யட்டும், டாக்டர்?

பதில்:

அன்புள்ள அம்மா,

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணத்துக்கு அப்புறம் வருகிறேன். உங்கள் கணவர் புது ஊசியைக் கட்டாயம் போட்டுக்கொள்ள வேண்டும். நீங்களும் போட்டுக்கொள்வது நல்லது, ஆனால் உங்கள் விஷயத்தில் பதற்றம் வேண்டாம். இருவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாததற்குக் காரணம், கடிதத்தோடு நீங்கள் வைத்து அனுப்பிய அந்த இரண்டு ரிப்போர்ட்டிலேயே இருக்கிறது.

இரண்டு தாளையும் மேஜையில் அருகருகே வைத்துப் பார்த்தேன். ஒரே லேப், ஒரே தேதி, ரத்தம் எடுத்த நேரத்தில்கூட ஆறு நிமிட வித்தியாசம்தான். 250-க்கு மேல், 0.40-க்குக் கீழ் என்கிற இரண்டுமே அந்தக் கருவியின் இரண்டு ஓரங்கள். 250-ஐத் தாண்டி எண்ண வேண்டுமென்றால் ரத்தத்தை நீர்க்கச் செய்து மறுபடி ஓட்ட வேண்டும். 0.40-க்குக் கீழே அதன் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆன்டிபாடி, அதாவது கிருமியைப் பிடித்துத் தடுக்க உடம்பு செய்கிற புரதம், உங்களிடம் நிறைய இருந்தது, அவரிடம் கண்டுபிடிக்கிற அளவுக்குக்கூட இல்லை என்பது மட்டும் உறுதி. சரி, எதற்கு எதிரான ஆன்டிபாடி? அந்தப் பரிசோதனையில் ரத்தத்தோடு சேர்ப்பது, வூஹானில் முதன்முதலில் கிளம்பிய வைரஸின் புரதத்தை. அதைப் பிடிக்கிற ஆன்டிபாடி எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான் அந்த எண் சொல்லும். அடுத்த மாதம் உங்கள் வீட்டுக்குள் வந்ததோ ஒமிக்ரான்.

கொரோனா வைரஸின் மேல் முள் முள்ளாக நிற்கிறதே ஸ்பைக் புரதம், அது 1,273 அமினோ அமிலங்களை மணிகளாகக் கோத்த ஒரு மாலை. 2021 நவம்பரில் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒமிக்ரான் பற்றிய தகவல் வந்தபோது அந்த மாலையில் 30 மணிகளுக்கு மேல் மாறியிருந்தன. அவற்றில் பாதியளவு, நம் செல்லைத் தொட்டுப் பிடிக்கிற நுனிப் பகுதியில் இருந்தன. வைரஸைத் தடுத்து நிறுத்தும் ஆன்டிபாடிகள் பெரும்பாலும் குறிவைப்பது அந்த நுனியைத்தான். அங்கே உருவம் மாறிவிட்டால் பிடி நழுவும். ஃபைசர் ஊசியை இரண்டு தவணை போட்டவர்களின் ரத்தத்தைத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்து ஆய்வகத்தில் சோதித்தபோது, ஒமிக்ரானைத் தடுக்கும் திறன் 20 மடங்குக்கு மேல் குறைந்திருந்தது. ஆகவே 250-க்கு மேல் இருந்தும் உங்களுக்குக் காய்ச்சல் வந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அப்படியானால் அது மூன்றே நாளில் எப்படிப் போயிற்று? இந்த இடத்தில்தான் நான் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன். ஏனென்றால், ஊசி போட்டும் வந்துவிட்டதே என்று என்னிடம் மனம் நொந்து சொன்னவர்கள் நூற்றுக்கணக்கானவர்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஊசியை ஒரு மதில் சுவர்போல ஜனங்களுக்கு அறிமுகப்படுத்தியவர்கள் மருத்துவர்களாகிய நாங்கள்தான்.

நீங்கள் பல்லாயிரம் விடைத்தாள் திருத்தியவர். பெயர் எழுதாத தாள் கையில் கிடைத்தாலும், கையெழுத்தைப் பார்த்து இது இன்னார் என்று சொல்லிவிடுவீர்கள். ஆன்டிபாடி ஆளை முகம் பார்த்து அடையாளம் காண்கிறது. டி செல் என்கிற வெள்ளை அணு கையெழுத்தைப் பார்த்து அடையாளம் காண்கிறது. வைரஸ் ஒரு செல்லுக்குள் புகுந்துவிட்டால், அந்தச் செல் வைரஸின் புரதத்தைத் துண்டு துண்டாக நறுக்கி, அந்தத் துணுக்குகளைத் தன் வாசலில் தொங்கவிடும். டி செல் வந்து அவற்றைப் படிக்கும். புரதத்தின் எல்லாப் பகுதியிலிருந்தும் துணுக்கு வருவதால், நுனியில் ஏற்பட்ட மாற்றம் அதை அவ்வளவாக ஏமாற்றுவதில்லை. கேப் டவுன் ஆய்வாளர்கள் பார்த்தபோது, ஊசி போட்டவர்களிடமும் முன்பே தொற்று வந்தவர்களிடமும் டி செல்களின் வேலையில் 70 முதல் 80 சதவீதம் ஒமிக்ரானுக்கு எதிராகவும் அப்படியே நின்றது. இந்த நினைவு சீக்கிரம் அழியக்கூடியதும் இல்லை. நீங்கள் போகப்போகிற சிங்கப்பூரிலேயே 2020-இல் ஓர் ஆய்வு நடந்தது. 2003-இல் கொரோனாவின் உறவுக்கார வைரஸான சார்ஸ் வந்து பிழைத்த 23 பேரின் ரத்தத்தில், 17 வருடம் கழித்தும் அந்த வைரஸை அடையாளம் காணும் டி செல்கள் இருந்தன.

ஆனால் டி செல்லால் வைரஸை வாசலில் நிறுத்த முடியாது. உள்ளே வந்த பிறகுதான் அதன் வேலை தொடங்கும். அதனால்தான் காய்ச்சல் வந்தது, நுரையீரலுக்கு இறங்குவதற்குள் அடங்கியது. உங்கள் மூன்று நாள் காய்ச்சலை ஊசியின் தோல்வி என்று நான் எழுத மாட்டேன். ஊசி தன் வேலையைச் செய்ததற்கு அதுதான் அடையாளம்.

பூஸ்டர் போட்டால் உடம்பில் என்ன நடக்கிறது என்பதற்கு, என் மேஜைக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2022-இல் ஒரு பெண்மணி, ஐம்பது வயதுக்குள் இருக்கும், மார்பகப் புற்றுநோய் என்று தானே முடிவுகட்டிக்கொண்டு அழுதபடி வந்தார். இடது அக்குளில் நெறி கட்டியிருந்தது. கோலிக்குண்டு அளவு, விரலால் தள்ளினால் நகர்ந்தது, அழுத்தினால் வலித்தது. எந்தக் கையில் ஊசி போட்டீர்கள் என்று கேட்டேன். இடது கையில், ஆறு நாளைக்கு முன்பு. மூன்று வாரம் கழித்து வந்தபோது பட்டாணி அளவுக்குச் சுருங்கியிருந்தது. ஆறாவது வாரம் விரலுக்குத் தட்டுப்படவே இல்லை. (அதற்கு மேலும் கரையாமல் நின்றால் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். ஊசியால்தான் என்று யாரும் அசட்டையாக விட்டுவிடக் கூடாது.)

அந்தக் கட்டிக்குள் நடப்பது ஒரு பயிற்சி வகுப்பு. ஆன்டிபாடி செய்கிற பி செல்கள் அங்கே கூட்டமாகப் பெருகுகின்றன. பெருகும்போது தங்கள் அச்சில் சின்னச் சின்ன மாற்றங்களைச் செய்துகொள்கின்றன. எது வைரஸ் புரதத்தை இறுக்கமாகப் பிடிக்கிறதோ அது அடுத்த சுற்றுக்குப் போகும், மற்றவை கழிந்துவிடும். வீக்கம் வடிந்த பிறகும் இந்தப் பயிற்சி மாதக்கணக்கில் ஓடும். தேறியவற்றில் சில எலும்பு மஜ்ஜைக்குப் போய் அங்கே குடியேறிக்கொள்கின்றன. சில நினைவு செல்களாகச் சுற்றுகின்றன. அதனால்தான் பழைய வைரஸை வைத்துச் செய்த அதே ஊசியை மூன்றாவது தடவை போட்டபோதுகூட ஒமிக்ரானைப் பிடிக்கும் திறன் பல மடங்கு கூடியது. 2021 டிசம்பரில் ஃபைசர் நிறுவனம் வெளியிட்ட கணக்கில் அது 25 மடங்கு. ஊசி மாறவில்லை. இடைப்பட்ட மாதங்களில் உங்கள் செல்கள் கற்றுக்கொண்ட பாடம்தான் வித்தியாசம்.

புதிதாகச் சுரந்த ஆன்டிபாடி அப்படியே நிற்காது. ஒருமுறை சுரந்தது ரத்தத்தில் ஏறக்குறைய மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். மஜ்ஜையில் இருக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஈடுகட்டும், அவ்வளவுதான். மூக்கின் ஈரத்தோலுக்குக் கையில் போடுகிற ஊசியால் போய்ச் சேருவதும் குறைவு. அதனால் பூஸ்டர் போட்ட சில மாதங்களுக்குத் தொற்றே வராமலிருக்க வாய்ப்பு கூடும், பிறகு அந்தப் பலன் தேயும். நோய் முற்றாமல் காக்கிற பலன் அதைவிட நெடுநாள் நிற்கும்.

இனி உங்கள் முக்கியமான கேள்வி: மாறிக்கொண்டே இருக்கும் வைரஸுக்கு ஊசி எப்படி ஈடுகொடுக்கும்? பள்ளிக்கூடத்தில் அண்ணனுக்குப் பாடம் எடுத்த ஆசிரியர், நாலு வருடம் கழித்துத் தம்பி அதே வகுப்புக்கு வரும்போது அண்ணன் பெயரைச் சொல்லியே கூப்பிடுவார் இல்லையா? நம் எதிர்ப்புச் சக்திக்கும் அந்தப் பழக்கம் உண்டு. முதலில் பார்த்த வைரஸின் முகம் ஆழமாகப் பதிந்துவிடுகிறது. புதிய ரகம் வந்தாலும் பழைய நினைவு செல்கள்தான் முந்திக்கொண்டு ஓடிவருகின்றன. ஃப்ளூ காய்ச்சலில் இதைக் கவனித்து 1960-இலேயே விரிவாக எழுதியவர் அமெரிக்க மருத்துவர் தாமஸ் ஃபிரான்சிஸ். இது முழுக்கத் தீமை என்று நினைக்க வேண்டாம். தம்பியும் அண்ணன் பெயருக்குத் திரும்பிப் பார்க்கத்தான் செய்வான், ஏனென்றால் சாயல் இருக்கிறது. சாயல் குறையக் குறையத்தான் சிக்கல்.

2022-இல் வந்த இரட்டை ஊசியில் பாதி பழைய வைரஸ், பாதி ஒமிக்ரான். உடம்பு அதில் பழையதையே பிடித்துக்கொண்டது. புதியதற்கென்று கிடைத்த கூடுதல் லாபம் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. அதனால் 2023 மே மாதம் உலக சுகாதார அமைப்பின் ஆலோசனைக் குழு, பழைய வைரஸை ஊசியிலிருந்து அடியோடு எடுத்துவிடச் சொன்னது. அந்த வருடம் எக்ஸ்.பி.பி.1.5 என்ற ஒமிக்ரான் கிளை ரகத்துக்கு மட்டுமான ஊசி வந்தது. அதற்குள் 30-க்கும் மேற்பட்ட புது மாற்றங்களோடு பி.ஏ.2.86 என்ற இன்னொரு கிளை கிளம்பி, இன்னொரு மாற்றமும் சேர்ந்து ஜே.என்.1 ஆயிற்று. 2023 டிசம்பரில் கேரளத்தில் கண்டுபிடித்ததாகச் செய்தி வந்ததே, அதுதான். பிறகு வந்த கே.பி.2, எல்.பி.8.1, எக்ஸ்.எஃப்.ஜி. எல்லாம் அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். அதனால் 2024 முதல் ஊசிகளும் ஜே.என்.1 வம்சத்தைப் பார்த்தே செய்யப்படுகின்றன. உங்கள் மகள் புது ஊசி என்று சொல்வது இதைத்தான். உங்களுக்குத் தெரிந்து நீங்கள் இருவரும் கடைசியாகப் பார்த்த முகம் 2022 ஜனவரியினுடையது. அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் எத்தனையோ தலைமுறை வந்துவிட்டது. புது முகத்தை ஒருமுறை காட்டிவைப்பதில் அர்த்தம் இருக்கிறது.

உங்கள் கணவர் விஷயத்துக்கு வருகிறேன். ஊசியில் குறையில்லை, நர்ஸிடமும் குறையில்லை. புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமலிருக்க அவர் சாப்பிடும் மாத்திரைகளில் டாக்ரோலிமஸ், டி செல்லுக்குப் புறப்படு என்று வருகிற கட்டளையை மறிக்கிறது. மைக்கோஃபீனோலேட், செல்கள் பெருகுவதையே தடுக்கிறது. அக்குளில் கூடவேண்டிய அந்தப் பயிற்சி வகுப்பு அவருக்குச் சரியாகக் கூடவே இல்லை. இது அவர் ஒருவருக்கு நேர்ந்ததும் இல்லை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் உறுப்பு மாற்று செய்துகொண்ட 658 பேரைப் பார்த்தார்கள். இரண்டு தவணைக்குப் பிறகும் 46 சதவீதம் பேரிடம் ஆன்டிபாடி இல்லை. ஆனால் அதே வருடம் பிரான்ஸில் துலூஸ் நகரத்தில், இப்படிப்பட்ட 101 பேருக்கு மூன்றாவது ஊசி போட்டபோது, ஆன்டிபாடி உள்ளவர்கள் 40 சதவீதத்திலிருந்து 68 சதவீதமாகக் கூடினார்கள். இன்னும் ஒரு ஊசி என்பது இவர்களுக்கு இன்னும் ஒரு வாய்ப்பு. பிரிட்டனில் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு 2025-இல் வசந்தத்தில் ஒன்று, இலையுதிர் காலத்தில் ஒன்று என்று இரண்டு தடவை கொடுத்ததற்கும் காரணம் இதுதான்.

இதைப் படித்துவிட்டு, ஊசி நன்றாகப் பிடிக்கட்டும் என்று மாத்திரையை நாலு நாள் நிறுத்திப் பார்க்கலாமா என்று அவருக்கோ உங்களுக்கோ தோன்றினால், தயவுசெய்து வேண்டாம். ஒரு வேளைகூடத் தவறவிடக் கூடாது. ஊசியால் கிடைப்பதைவிடச் சிறுநீரகம் போவது பெரிய இழப்பு. மாத்திரை அளவைத் தொடுகிற உரிமை அவருடைய சிறுநீரக மருத்துவருக்கு மட்டும்தான். இன்னொரு தடவை ஆன்டிபாடி பரிசோதனை செய்து, எண்ணைப் பார்த்து முடிவெடுக்கவும் வேண்டாம். எண் எதுவாக இருந்தாலும் அவருக்கு என் பதில் மாறாது.

தம்பி சொன்னதற்கு: ஜெர்மனியில் ஒருவர், தானாகவே 217 தடவை கொரோனா ஊசி போட்டுக்கொண்டதாகச் சொன்னார். எர்லாங்கன் பல்கலைக்கழகத்தினர் அவரை வரவழைத்துச் சோதித்து 2024-இல் முடிவை எழுதினார்கள். அவருடைய டி செல்களும் களைக்கவில்லை, மற்ற கிருமிகளை எதிர்க்கும் திறனும் குறையவில்லை. யாரும் அப்படிச் செய்யக் கூடாது, அது வேறு விஷயம். மூன்று வருடத்துக்கு மேல் இடைவெளி விட்டு ஒரு நாலாவது ஊசி போடுகிற உங்களுக்கு அந்தக் கவலை தேவையே இல்லை. கோவிஷீல்டு ரத்தக்கட்டி நிஜம்தான், ஆனால் மிக அபூர்வம். அது பெரும்பாலும் முதல் தவணைக்குப் பிறகு, ஊசி போட்ட நாலாம் நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் வருவது. 2022-இல் போட்ட ஊசி இன்று அந்தக் கட்டியை உண்டாக்காது. சிங்கப்பூரில் போடும் ஃபைசர், மாடர்னா ஊசிகள் வேறு வகை, நம் நாட்டில் பொதுப் பயன்பாட்டுக்கு வராதவை. அவற்றில் இதயத் தசை வீக்கம் என்று ஒன்று உண்டு, அது பெரும்பாலும் இளம் ஆண்களுக்கு வருவது. இருந்தாலும் ஊசி போட்ட ஒரு வாரத்துக்குள் நெஞ்சுவலியோ படபடப்போ வந்தால் உடனே காட்டுங்கள்.

நீங்கள் அங்கே குடிமக்கள் இல்லை என்பதால் ஊசிக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கும். எந்த கிளினிக்கில், எவ்வளவு என்று மகளை இப்போதே விசாரிக்கச் சொல்லுங்கள். விமானத்தில் இருவரும் என்-95 மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், அவர் சாப்பாட்டு நேரம் தவிர எடுக்கவே வேண்டாம். போய் இறங்கிய வாரத்திலேயே ஊசி போட்டுவிட்டால், இரண்டு வாரத்தில் பலன் வந்துவிடும். ஃப்ளூ ஊசியையும் நிமோனியா ஊசியையும் கிளம்புவதற்கு முன் இங்கேயே முடித்துவிடுங்கள்.

மகளும் தன் மகப்பேறு மருத்துவரிடம் இந்த ஊசியைப் பற்றிக் கேட்கட்டும். கர்ப்பத்தில் போட்டால் தாயின் ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும். பிறந்து ஆறு மாதம்வரை குழந்தைக்கு இந்த ஊசி கிடையாது, அதுவரை அம்மா கொடுத்ததுதான் அதன் கையிருப்பு.

கடைசியாக ஒரு வேலை. உங்கள் கணவரின் மாத்திரைப் பையில் ஒரு சீட்டு எழுதி வையுங்கள். அங்கே அவருக்குக் காய்ச்சலோ இருமலோ வந்தால் அன்றைக்கே கொரோனா பரிசோதனை, காத்திருக்கக் கூடாது. பாக்ஸ்லோவிட் என்ற கொரோனா மாத்திரையை யாராவது எழுதிக்கொடுத்தால், அவர் டாக்ரோலிமஸ் சாப்பிடுகிறார் என்று சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்தால் ரத்தத்தில் டாக்ரோலிமஸ் விஷம்போல ஏறிவிடும். அதற்குப் பதிலாக அவருக்கு ரெம்டெசிவிர் என்ற மருந்தை மூன்று நாள் ஊசியாகப் போடும் வழி இருக்கிறது. அவருடைய சிறுநீரக மருத்துவரின் போன் நம்பரையும் அந்தச் சீட்டின் மேலேயே, எழுத்து பெரிதாக, இங்கிலீஷிலும் எழுதிவிடுங்கள்.